பணிக்கொடையைப் பிடித்த உத்தரவை எதிர்த்து ஒரு ரிட் மனு

ஓய்வு பெற்ற பிறகு, "உங்களுக்கு அதிகமாகச் சம்பளம் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள்" என்று ஓர் உத்தரவு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முப்பத்து மூன்று வருடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். அரசாங்கத்தின் முடிவை எதிர்த்து, ரிட் என்கிற மனு போட்டு உயர் நீதிமன்றம் போகலாம் என்பது தெரியும். எப்படிப் போவது, அங்கே எதைக் கேட்பது, எந்தக் கட்டத்தில் ஏமாந்துவிடக் கூடாது என்பதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, கையிலிருந்து ஒன்றேகால் லட்சம் ரூபாயும் போய்விட்டது. இன்று இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர்கள், கிராம உதவியாளர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1989-ல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். பத்து வருடத்தில் தேர்வு நிலை, இருபது வருடத்தில், அதாவது 2009-ல், சிறப்பு நிலை என்று சம்பள நிலை உயர்ந்தது. அப்புறம் பதவி உயர்வு கிடைத்து, 2022 மே மாதம் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றேன். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. மகன் வெளியூரில் வாடகை வீட்டில் குடும்பம் நடத்துகிறான், அவனிடம் போய் நிற்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஓய்வின்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வந்ததும் மகள் கல்யாணத்துக்கு வைத்த நகைக்கடனை அடைத்துவிடலாம், ஒழுகுகிற மேல்தளத்தைச் சரி செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற சில வாரத்தில் அலுவலகத்திலிருந்து போன். "டீச்சர், உங்க எஸ்.ஆர்.ல (பணிப்பதிவேட்டுல) ஆடிட் அப்ஜெக்‌ஷன் இருக்கு. 2009-ல சிறப்பு நிலை நிர்ணயத்துல ஒரு இன்கிரிமென்ட் கூடுதலா போட்டிருக்காங்க. 2,86,000 சொச்சம் பிடிக்கணும்னு வந்திருக்கு. சம்பளத்தையும் குறைச்சு நிர்ணயம் பண்ணித்தான் பென்ஷன் போகும்" என்றார் பிரிவு எழுத்தர்.

அந்த நிர்ணயத்தை நான் போடவில்லை. ஆசிரியர் தன் சம்பளத்தைத் தானே நிர்ணயம் செய்துகொள்ள முடியாது. அலுவலகம் கணக்குப் போட்டது, அதிகாரி கையெழுத்துப் போட்டார், பதின்மூன்று வருடம் ஒவ்வொரு மாதமும் அவர்களே பட்டியல் போட்டார்கள். ஆனால் உத்தரவில் இருந்த வாசகம் "தங்களால் மிகையாகப் பெறப்பட்ட தொகை". அதைப் படித்த அன்று இரவு தூங்கவில்லை. நான் எதையோ எடுத்துக்கொண்டு ஓடியவள் போல ஊரில் பேசுவார்களோ என்று வெளியே போகவே கூசியது. இந்தக் கூச்சம்தான் முதல் ஆறேழு மாதத்தைத் தின்றது. தெரிந்த ஒருவரிடமாவது அப்போதே பேசியிருந்தால் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது. நீங்கள் யாரும் கூச்சப்படாதீர்கள். இது பெரும்பாலும் அலுவலகக் கணக்குப் பிழைதான்.

முதல் காரியம், உத்தரவை எழுத்தில் வாங்குவது. போனில் சொன்னதை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி, கையெழுத்து எல்லாம் உள்ள செயல்முறைகளின், அதாவது எழுத்துப்பூர்வ உத்தரவின், நகல் வேண்டும். எனக்கு அதைத் தரவே இழுத்தடித்தார்கள். கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டேன். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். நான் மேல்முறையீடும் செய்த பிறகுதான் வந்தது. அதில் பிடித்த உத்தரவை மட்டும் கேட்காதீர்கள். தணிக்கைத் தடையின் (ஆடிட் ஆட்சேபணையின்) நகல், 2009-ல் போட்ட ஊதிய நிர்ணய உத்தரவு, உங்கள் பணிப்பதிவேட்டின் எல்லாப் பக்கங்கள், இந்தப் பிடித்தம் சம்பந்தமான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், உங்களுக்கு முன்னறிவிப்பு அனுப்பியிருந்தால் அதன் நகல், இத்தனையையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். எனக்கு "முன்னறிவிப்பு ஏதும் அனுப்பப்படவில்லை" என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். பின்னால் என் வழக்குக்கு முதுகெலும்பாக நின்றது அந்த ஒரு வரிதான்.

இதே சமயத்தில் இன்னொன்று நடந்தது. "பிடித்தம் செய்துகொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு இசைவுக் கடிதம் கொடுத்துடுங்க டீச்சர், மீதிப் பணத்தை உடனே அனுப்பிடறோம்" என்றார்கள். என்னோடு ஓய்வு பெற்ற ஒரு சார் பணத் தேவையில் எழுதிக் கொடுத்துவிட்டார். மீதிப் பணம் சீக்கிரம் வந்தது, பிடித்தது போனது போனதுதான். பிறகு அவர் வழக்கறிஞரைப் பார்த்தபோது, "நீங்களே சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்று கை விரித்துவிட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் கையெழுத்துப் போட மனது வரவில்லை, அவ்வளவுதான். சட்டம் தெரிந்து மறுத்தேன் என்று சொல்ல மாட்டேன். 2016-ல் ஜக்தேவ் சிங் என்பவரின் வழக்கில், அதிகம் வாங்கியது தெரிந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்பே உறுதிமொழி கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊதியக் குழு அமலான நேரங்களில் விருப்பப் படிவத்தோடு இப்படி ஓர் உறுதிமொழியிலும் கையெழுத்து வாங்கியிருக்கலாம். உங்கள் பணிப்பதிவேட்டில் அது ஒட்டியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இருந்தால் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் அதை எடுத்துப் போடும்.

அடுத்த ஒரு வருடம் மனுக்களில் போனது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள், முதலமைச்சருக்கு மனு, கல்வித் துறை மேலிடத்துக்கு மனு, பதிவுத் தபால், நேரில் கொடுத்து வாங்கிய முத்திரை. எங்கே கொடுத்தாலும் மனு சுற்றி வந்து அதே அலுவலக மேஜையில்தான் விழும். "தணிக்கைத் தடையின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் பதில் வரும். மனு கொடுத்துக்கொண்டே இருந்தால் நமக்கான காலம் நின்று காத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ரிட் மனுவுக்குச் சட்டத்தில் இத்தனை நாள் என்று கெடு எழுதப்படவில்லை என்பது உண்மை. ஆனால் காரணமில்லாமல் தாமதித்தவருக்கு நீதிமன்றம் உதவ மறுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்தே போன சி. ஜேக்கப் வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: காலம் கடந்த கோரிக்கைக்கு மனு போட்டு, அதற்கு ஒரு பதில் வாங்கி, அந்தப் பதிலை வைத்துப் பழைய கோரிக்கைக்குப் புதிதாக உயிர் கொடுக்க முடியாது. ஆகவே ஒரே ஒரு நல்ல முறையீடு, உரிய அதிகாரிக்கு, ஒப்புகையோடு. பதிலுக்கு இரண்டு மாதம் பாருங்கள். வரவில்லை என்றால் நீதிமன்றம்தான்.

எங்கள் தாலுகாவில் சிவில் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் ஒருவர் அழைத்துப் போனார். இருபதாயிரம் வாங்கிக்கொண்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அவருக்குத் தெரிந்தவர் மூலம் ரிட் போட்டார். முதல் நாளே உத்தரவு வந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று போன் செய்தார். ஊரில் இரண்டு வீட்டுக்கு இனிப்புக்கூடக் கொடுத்தேன். உத்தரவின் நகல் வந்த பிறகு, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் படிக்கச் சொன்னால், "மனுதாரரின் முறையீட்டை எட்டு வாரத்துக்குள் பரிசீலித்துத் தகுந்த உத்தரவு போடவும். வழக்கின் தகுதி குறித்து இந்த நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை" என்று இருக்கிறது. அதாவது என்னை விரட்டிய அதே அலுவலகத்துக்கு நான் திரும்பிப் போக வேண்டும். அவர்களும் எட்டு வாரம் தாண்டிப் பரிசீலித்தார்கள், அதே ஒரு வரியை அரைப் பக்கமாக நீட்டி நிராகரித்தார்கள். பணம் போனதைவிட அந்த இனிப்பு கொடுத்த நாள்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இதில் நீதிமன்றத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டது அதுதான், கொடுத்ததும் அதுதான். மனுவின் கடைசியில் "எனவே இந்த நீதிமன்றம் இவ்வாறு உத்தரவிட வேண்டும்" என்று ஒரு பத்தி வரும். வழக்கறிஞர்கள் ப்ரேயர் என்பார்கள். வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். "பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் இருந்தால், ஏன் உத்தரவை ரத்து செய்யக் கேட்கவில்லை என்று கேளுங்கள். முறையீட்டுக்கு அதிகாரி பதிலே தரவில்லை என்கிற வழக்கில் அப்படிக் கேட்பது பொருத்தமாக இருக்கலாம். கையில் பாதகமான உத்தரவு இருக்கும்போது அது காலத்தை வீணாக்கும் வேலை.

இரண்டாவது முறை விசாரித்து, பணி சம்பந்தமான வழக்குகளையே பெரும்பாலும் நடத்தும் ஒரு வழக்கறிஞரை மதுரையில் பார்த்தேன். என் மகள் வயதுப் பெண். ரிட் போட மதுரையா சென்னையா என்பது எந்த மாவட்டத்தில் விஷயம் நடந்தது என்பதைப் பொறுத்தது. 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளை தென் மாவட்டங்களையும், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் போன்றவற்றையும் பார்க்கிறது. மற்றவர்களுக்குச் சென்னை. அரசு ஊழியர் வழக்குகளுக்கென்று முன்பு மாநிலத்தில் நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது. 2006-ல் அது கலைக்கப்பட்ட பிறகு நம் போன்றவர்கள் நேராக உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். யாரோ ஒருவர் இன்னும் "டிரிப்யூனல் போங்க" என்று சொன்னால் அதை நம்பி அலையாதீர்கள்.

அந்தப் பெண் வழக்கறிஞர் முதலில் என் காகிதக் கட்டை முழுவதும் படித்தார். அப்புறம் சொன்னது இது: "டீச்சர், கோர்ட் உங்க சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்க்காது. அந்த அதிகாரி முடிவெடுத்த விதம் சரியான்னுதான் பார்க்கும். அதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் நாம பேசணும்." ரிட்டின் அடிப்படையே இதுதான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. உத்தரவு போட்டவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா, சட்டத்தையோ விதியையோ மீறியிருக்கிறாரா, பாதிக்கப்படுகிறவரை ஒரு வார்த்தை கேட்டாரா, சம்பந்தமில்லாததை வைத்து முடிவெடுத்தாரா, எந்த நியாயமான மனிதரும் எடுக்க முடியாத முடிவா, இவைதான் கேள்விகள். 1994-ல் வந்த டாடா செல்லுலார் தீர்ப்பு இதற்கு எப்போதும் மேற்கோள் காட்டப்படுவது. "எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட "எனக்கு நோட்டீஸ் தரவில்லை, இதோ அவர்களே எழுதிக் கொடுத்த தகவல்" என்கிற ஒரு வரிக்கு அங்கே எடை அதிகம். நான் என் மனுக்களில் எல்லாம் என் உழைப்பைப் பற்றியும் விதவையாகப் பட்ட கஷ்டத்தைப் பற்றியும்தான் எழுதியிருந்தேன். அதெல்லாம் உண்மைதான், ஆனால் அதில் நீதிமன்றம் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

இன்னொன்றும் அவர் சொன்னார், இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் உத்தரவு அதில் எழுதியுள்ள காரணங்களால் மட்டுமே நிற்க வேண்டும், பிறகு நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டுப் புதிய காரணங்களைச் சேர்த்து அதற்கு முட்டுக் கொடுக்க முடியாது. 1977-ல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே உங்கள் உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதை ஒரு தாளில் தனியாக எழுதிப் பாருங்கள். என்னுடையதில் "தணிக்கைத் தடையின்படி" என்பதைத் தவிர எதுவுமே இல்லை.

பிடித்தம் குறித்து நம்மைக் காப்பாற்றுகிற தீர்ப்பு, பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ். 2014 டிசம்பர் 18 அன்று வந்தது. மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெற இருப்பவர்களிடமிருந்தும், ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கொடுக்கப்பட்ட தொகையையும் திருப்பிப் பிடிக்கக் கூடாது என்கிறது. உயர் பதவி வேலையை வாங்கிக்கொண்டு அதற்குக் கொடுத்த சம்பளத்தையும், பிடித்தால் அளவுக்கு மீறிய கொடுமையாகிவிடும் என்கிற நிலையிலும் பிடிக்கக் கூடாது. ஊழியர் பொய் சொல்லியோ மோசடி செய்தோ வாங்கியதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2022 மே மாதம், நான் ஓய்வு பெற்ற அதே மாதத்தில், கேரளத்து ஆசிரியர் ஒருவரின் வழக்கில், தாமஸ் டேனியல் எதிர் கேரள அரசு, உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி உறுதி செய்தது. ஓய்வு பெற்றவர், ஐந்து வருடத்துக்கு மேல், மோசடி எதுவும் இல்லை என்று மூன்றும் எனக்குப் பொருந்தியது. எனக்கு உத்தரவு போட்ட நாளில் ரஃபீக் மசீஹ் தீர்ப்பு வந்து ஏழு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது என்று கேட்டபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மனு தயாரிக்கும் நேரத்தில் கூடவே உட்காருங்கள். ரிட்டில் சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை எல்லாம் பொதுவாகக் கிடையாது. பிரமாணப் பத்திரமும் அதோடு சேர்க்கும் காகிதக் கட்டும்தான் பேசும். அந்தக் கட்டை டைப்டு செட் என்கிறார்கள். தேதி வரிசைப்படி, மங்கலாக இல்லாமல் இருக்க வேண்டும். பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். நான் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தபோது 2009 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2019 என்று இருந்தது. அது அப்படியே போயிருந்தால் ஐந்து வருடக் கணக்கே அடிபட்டிருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டால் முழுதும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. எதையும் மறைக்கவும் கூடாது. முதல் ரிட் போட்டது, அதில் வந்த உத்தரவு எல்லாவற்றையும் நாங்கள் எழுதினோம். மறைத்தது தெரிந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

ப்ரேயரில் இந்த முறை இரண்டும் கேட்டோம். நம் உயர் நீதிமன்றத்தில் செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ் என்று ஒன்றாகச் சேர்த்தே கேட்கும் வழக்கம் இருக்கிறது. ஆவணங்களை வரவழைத்து உத்தரவை ரத்து செய்வது ஒரு பாதி, பணத்தைக் கொடு என்று கட்டளையிடுவது மறுபாதி. ரத்து மட்டும் கேட்டால், ரத்தான பிறகும் பணத்துக்காக இன்னொரு தடவை அலைய வேண்டி வரலாம். எந்த உத்தரவை எதிர்க்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கடைசியாக வந்த நிராகரிப்பை மட்டும் எதிர்த்தால் முதலில் பிடிக்கச் சொன்ன உத்தரவு அப்படியே நின்றுவிடும். இரண்டின் எண்ணும் தேதியும் வர வேண்டும். அதே போல பணம் யார் யார் கை வழியாக வருகிறதோ அவர்கள் எல்லோரும் எதிர்மனுதாரர்களாக இருக்கட்டும். வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், தணிக்கை அலுவலகம், மாநிலக் கணக்காயர், கருவூலம் என்று என் மனுவில் எல்லோரையும் சேர்த்திருந்தார். பின்னால் ஒருவர்கூட "இந்த உத்தரவு எனக்கு வரவில்லை" என்று சொல்ல முடியவில்லை.

மனுவோடு இடைக்காலத் தடை கேட்டு இன்னொரு மனுவும் போகும். பிடித்த பணம் அரசுக் கணக்கில் சேர்ந்துவிடும் முன் தடை வாங்குவது முக்கியம், சேர்ந்த பிறகு வெளியே எடுப்பது பெரும்பாடு. எனக்குத் தடை கிடைத்தது, பிடித்தம் நின்றது. அப்புறம் மாதக்கணக்கில் எதுவும் நடக்கவில்லை. அரசுத் தரப்பு பதில் பத்திரம் போட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேலூர் சாலையில் யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் அந்த வளாகத்துக்கு ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு தேதிக்கும் போனேன். காலையில் போய் மாலை வரை உட்கார்ந்திருந்து வழக்கு வராமல் திரும்புவேன். மனுதாரர் நேரில் வரத் தேவையில்லை என்று வழக்கறிஞர் சொல்லியும் மனது கேட்கவில்லை. நீங்கள் அலையாதீர்கள். வழக்கு எண் கிடைத்ததும் நீதிமன்ற இணையதளத்தில் நிலையைப் பார்க்கலாம், அடுத்த நாள் பட்டியல் முந்தின நாள் மாலையே வந்துவிடும். மனு போட்டவுடன் கிடைப்பது எஸ்.ஆர். எண் என்கிற தற்காலிகப் பதிவு எண், அது வழக்கு எண் அல்ல. காகிதத்தில் குறை இருந்தால் திருப்பிவிடுவார்கள், சரிசெய்து மறுபடி போட்ட பிறகுதான் எண் ஆகும். இந்த இடத்தில் மனு கிடப்பில் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. வாரம் ஒரு முறை, "நம்பர் ஆச்சாம்மா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

பதில் பத்திரம் வந்தபோது மூன்று விஷயம் சொன்னார்கள். மேல்முறையீடு செய்யாமல் நேராக வந்துவிட்டார், தாமதமாக வந்தார், அரசுப் பணத்தைத் திருப்பித் தருவது அவர் கடமை. மேல்முறையீட்டு வழி இருந்தாலும், நோட்டீஸே தராமல் இயற்கை நீதியை மீறிய உத்தரவாக இருந்தால் ரிட் கேட்கலாம் என்று 1998-லேயே வேர்ல்பூல் தீர்ப்பு இருக்கிறது. தாமதத்துக்கு என் தகவல் உரிமை மனுவும் முதல் ரிட்டும் பதில் சொன்னது. மூன்றாவதற்கு ரஃபீக் மசீஹ். இறுதி விசாரணை நடந்த அன்று நான் இருந்தேன். முழுதாகப் பத்து நிமிடம்கூட இல்லை. நீதிபதி அரசு வழக்கறிஞரிடம், முன்னறிவிப்பு கொடுத்தீர்களா, இவர் ஏதாவது பொய்த் தகவல் கொடுத்து வாங்கினாரா என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. நான் அழுதுவிட்டேன். மூன்று வருடமாக நான் கேட்க நினைத்த கேள்வியை வேறொருவர் கேட்டு, பதிலும் வந்துவிட்டது.

2025-ல் வந்த தீர்ப்பில் பிடித்தம் ரத்தானது, நிறுத்தி வைத்த பணத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள் தர உத்தரவு. ஆனால் சம்பளத்தைச் சரியாக மறு நிர்ணயம் செய்ய அரசுக்கு உள்ள உரிமையில் தலையிடவில்லை. ஆகவே என் ஓய்வூதியம் மாதம் ஆயிரத்து நூறு ரூபாய் போலக் குறைந்தது குறைந்ததுதான். வட்டியும் இல்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கொடுத்த பணத்தைப் பிடிக்கக் கூடாது என்பதற்கும், தவறான கணக்கு என்றென்றும் தொடர வேண்டும் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னதற்குத்தான் பாதுகாப்பு. நிர்ணயமே சரிதான், தணிக்கைதான் தப்பு என்று உங்களிடம் அரசாணை ஆதாரம் இருந்தால், அதையும் தனியாக மனுவில் எழுப்ப வேண்டும். வட்டியையும் ப்ரேயரிலேயே கேட்டுவிடுங்கள்.

கணக்குச் சொல்கிறேன். முதல் வழக்கறிஞருக்கு இருபதாயிரம், இரண்டாமவருக்கு நாற்பதாயிரம், நகல், டைப்பிங், பஸ், சாப்பாடு என்று பத்தாயிரம். அடைக்க முடியாமல் கிடந்த நகைக்கடனுக்கு வட்டி மட்டும் ஐம்பத்தைந்தாயிரம். மேல்தளம் இரண்டு மழைக்காலம் ஒழுகியது. மீட்டது 2,86,000. போட்ட பணத்தைக் கழித்தால் மிஞ்சியது அவ்வளவு பெரிதில்லைதான். இருந்தாலும் "மிகையாகப் பெற்றவர்" என்கிற பெயரோடு நான் இருக்கத் தயாராக இல்லை.

தீர்ப்பு வந்ததோடு வேலை முடியவில்லை. பன்னிரண்டு வாரம் என்பது உத்தரவின் நகல் அவர்களுக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். ஆகவே சான்றிட்ட நகல் கைக்கு வந்த அன்றே, ஒரு கடிதத்தோடு எல்லா எதிர்மனுதாரர்களுக்கும் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள், ஒப்புகைகளைப் பத்திரமாக வையுங்கள். எனக்குக் கெடு முடிந்தும் பணம் வரவில்லை. அரசு மேல்முறையீடு போகப்போகிறது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. மேல்முறையீடு போகப்போகிறோம் என்பது தடையாகாது, தடை உத்தரவு வாங்கினால்தான் தடை. வழக்கறிஞர் அவமதிப்பு வழக்குப் போடுவோம் என்று நோட்டீஸ் அனுப்பிய பிறகு கோப்பு நகர்ந்தது, பணம் வங்கியில் ஏறியது. நீதிமன்ற அவமதிப்புக்கு ஒரு வருடம்தான் கெடு, உத்தரவை மீறிய நாளிலிருந்து. "இந்தா தர்றோம், அந்தா தர்றோம்" என்று அந்த ஒரு வருடத்தைக் கடத்திவிடுவார்கள், தேதியைக் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஆற்றாமை அதிகம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்ற சில பிரிவினருக்கும் அப்படியே, மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். மதுரைக் கிளையிலேயே இதற்கென ஒரு குழு இருக்கிறது, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டக் குழு இருக்கிறது. அரசு ஓய்வூதியம் வாங்குகிறவளுக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று நானும் நினைத்தேன், என்னை அழைத்துப் போனவர்களும் நினைத்தார்கள். அறுபதாயிரம் ரூபாய் வழக்கறிஞர் கட்டணம் கட்டி முடித்த பிறகுதான், பெண்ணாக இருப்பதே போதும் என்று எனக்குத் தெரிய வந்தது. எங்கே போய்க் கேட்பது என்று தெரியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள், உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.